வாவியில் அள்ளிய சேறு போன வழி

போன மாதம் நான் முன்பு வேலை செய்த கந்தோரிலிருந்து நிரோஷா என்ற இளம் பொறியியலாளர் வெள்ளவத்தையில் என் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். கொழும்பு நகரத்தின் நடுவில் இருக்கிற அந்த வாவியை மறுபடி தூர்வாரப் போகிறார்களாம். இந்த முறை ஆளில்லாத சின்னப் படகொன்று தானாக ஓடி அடியை அளந்து கணினிக்கு அனுப்பிவிடுமாம். அதில் வந்த படத்தையும் காட்டினார். சேறு எங்கே தடிப்பு, எங்கே மெல்லிசு என்று சிவப்பிலும் மஞ்சளிலும் நீலத்திலும் அழகாகத் தெரிந்தது.

"ஐயா, போன முறை முழு அளவையும் நீங்கள்தானே செய்தது? எங்கட ட்ரெய்னிங்குக்கு வந்து கொஞ்ச நேரம் கதைக்க ஏலுமா?" என்று கேட்டார்.

ஏலாது என்றேன். காது சரியாகக் கேட்பதில்லை என்று ஒரு சாட்டும் சொன்னேன். அவர் போன பிறகு மகள் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "அப்பா, உங்களுக்குக் காதில என்ன?" என்று கேட்டாள்.  உள்ளே இருந்த என் மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

இரண்டு நாள் கழித்து நிரோஷாவுக்கு நானே தொலைபேசி எடுத்து, மேடையில் ஏறிக் கதைக்க எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். அப்பா கொச்சிக்கடையில் துறைமுகப் பண்டசாலையில் வேலை செய்தார். பள்ளிக்கூடம் முடித்து, நில அளவைப் பயிற்சி முடித்து, வாய்க்கால்களையும் வாவிகளையும் பார்க்கிற கந்தோரில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் மற்றவர்களுக்குக் குடை பிடித்ததும், கோல் பிடித்ததும், சேற்றில் செருப்பைத் தொலைத்ததும்தான். வேலை என்றால் என்ன என்று நான் படித்தது எனக்கு மேலதிகாரியாக இருந்த ஜயசிங்ஹ சேரிடம்.

ஜயசிங்ஹ சேர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதனால் அவரிடம் எல்லாருக்கும் பயம். அளந்த படத்தைக் கொண்டுபோய் மேசையில் விரித்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு பார்ப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "நேராகப் பார்த்தால் நீ எனக்குக் காட்ட நினைக்கிறது தெரியும். தலைகீழாகப் பார்த்தால் அங்கே இருக்கிறது தெரியும்" என்று சிங்களத்தில் சொன்னார். ஒரு இடத்தில் விரலை வைப்பார். "இங்கே நீ படகை நிறுத்தினாயா, இல்லை போகிற போக்கில் குத்தினாயா?" என்பார். போகிற போக்கில் குத்தியிருந்தால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். திட்ட மாட்டார். "ஹரி, நாளைக்குப் போய் ஒருக்கா நிறுத்தி அளந்துகொண்டு வா." அவ்வளவுதான். சிங்களத்தில் சரி என்று சொல்லுகிற அந்த "ஹரி"யில் முதுகு குளிர்ந்துவிடும்.

சேற்றை அளக்கிற விதத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வாவியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கயிறு கட்டுவோம். கயிற்றில் ஒரே இடைவெளியில் துணி முடிச்சு இருக்கும். ஒவ்வொரு முடிச்சிலும் படகை நிறுத்தி, சிவப்பும் வெள்ளையும் அடித்த கோலை இறக்குவோம். முதலில் கோலின் காலில் ஒரு தட்டைப் பூட்டி இறக்க வேண்டும். தட்டு சேற்றின் மேல் தங்கிவிடும். அது தண்ணீரின் ஆழம். பிறகு தட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் அமுக்க வேண்டும். தோசை மாவுக்குள் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். கடைசியில் டக்கென்று நிற்கும். அது பழைய அடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேறு. ஒலியலை அனுப்பி அளக்கிற கருவி பிறகு வந்தது. ஆனால் நகரத்துச் சேற்றின் மேற்பகுதி தண்ணீரும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் மிதக்கிற கூழ். கருவி அங்கே ஏமாறும். அதனால் சேர் கருவியையும் கோலையும் சேர்த்தே போகச் சொல்லுவார்.

அளவு முடிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நாங்கள் நினைப்போம். அவர் அப்போதுதான் தொடங்குவார். சேறு எந்தக் கால்வாயால் வருகிறது, மழைக்கு எவ்வளவு வரும், எத்தனை வருடத்தில் திரும்ப நிரம்பும் என்று கேட்பார். கால்வாய் வாவிக்குள் விழுகிற வாயில் அடியைக் கூடுதலாக ஆழப்படுத்தச் சொல்லுவார். வருகிற மண் அந்தப் பள்ளத்தில் தங்கும். சில வருடத்துக்கு ஒருமுறை அதை மட்டும் அள்ளினால் போதும். மண் பொறி என்று சொல்லுவோம். அதற்குப் பிறகு வரும் முக்கியமான கேள்வி, அள்ளிய சேற்றை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது. நகரத்துச் சேறு வயலுக்குப் போடுகிற வண்டல் இல்லை. அதில் கராஜ் எண்ணெயும் சாயமும் ஈயமும் மலமும் இருக்கும். ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். வரம்பு கட்டிய காணியில் பரப்பிக் காய வைக்க வேண்டும். பிறகு மூடிய டிப்பர் லொறியில் ஏற்றி, அனுமதி உள்ள தூர இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

சண்டை முடிந்து, நகரத்தை அழகாக்குகிறோம் என்று எல்லா மதிலையும் உடைத்துப் பூங்கா போட்ட காலத்தில்தான் வாவியைத் தூர்வாரும் வேலை வந்தது. அளவும் திட்டமும் என் கையில். தூர்வார ஒப்பந்தம் எடுத்து ஒரு பெரிய கொந்தராத்துக் கம்பனி வந்தது. காய வைத்த காணியில் நாற்றம் தாங்கமுடியாமல் சுற்றுவட்டாரத்துச் சனம் முறைப்பாடு செய்தது. அதனால் சேற்றோடு சுண்ணாம்பு கலக்கச் சொன்னார் சேர். கறுப்புச் சேற்றில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. காய்ந்ததும் டிப்பர்கள் ஏற்றிக்கொண்டு போயின. யாருடைய டிப்பர் என்று நான் பார்க்கவில்லை. அது கம்பனிக்குக் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று போகிற சங்கதி.

வேலை முடிந்து வாவி தெளிந்த நாளில் பெரிய ஆட்கள் வந்து படகோட்டினார்கள். சேரும் நானும் பின் வரிசையில் நின்றோம். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அடுத்த மழைக்காலம் முடிந்து அளந்து பார்த்தபோது, ஒரு கால்வாய் வாயில் வெட்டிய மண் பொறி வாய் முட்ட நிரம்பிக் கிடந்தது. சில வருடம் தாங்க வேண்டியது ஒரே மழையில் நிரம்பியிருந்தது. என் கணக்குப் பிழையாகிவிட்டதென்று நினைத்தேன். சேர் படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்தார். "ஹரி, சேற்றைக் கொண்டு வா" என்றார்.

கோலின் நுனியில் கிண்ணம் பூட்டி அடியிலிருந்து எடுத்தேன். அந்தக் கால்வாய் எப்போதும் கொண்டுவருவது தவிட்டு நிற மணல். இது கறுப்பு, மாவு போல் மென்மை. உள்ளங்கையில் வைத்துக் கழுவிக் கழுவிப் பார்த்தபோது, குருணி குருணியாக வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சின. நகத்தால் நசுக்கினேன். சுண்ணாம்பு.

அது எங்கள் சேறு. நாங்கள் அள்ளி, காய வைத்து, அனுப்பிய சேறு. தூர இடத்துக்குப் போனதாகக் கணக்கில் இருந்த சேறு, கால்வாய் வழியாக வாவிக்கே திரும்பி வந்திருந்தது.

சேரிடம் காட்டினேன். அவர் இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார், முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிலிப், இதைப் பிடித்தாயே" என்றார். என் வேலைக் காலத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

அன்று காலையில் எனக்கிருந்த பெருமையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. நானும் சேரும் கால்வாய்க் கரையோடு மேலே நடந்தோம். முன்னால் நான், பின்னால் அவர். ஒவ்வொரு பாலத்தடியிலும் இறங்கிச் சேறு எடுத்தேன். எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி. ஓரிடத்தில் கால்வாய் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத்தில் வெறும் மணல், வலப்பக்கத்தில் புள்ளி. "இந்தப் பக்கம் சேர்" என்று வழி காட்டினேன். பிடிபடப் போகிறவன் யாரானாலும் அவனுக்கு என்ன சொல்லுவேன் என்று சிங்களத்தில் வசனம்கூட மனதுக்குள் சேர்த்து வைத்தேன்.

மாளிகாவத்தைப் பக்கத்தில், தொடர்மாடிகளுக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. மழைத்தண்ணீர் தெருவில் நிற்காமல் வந்து தங்கிக் கால்வாய்க்குப் போவதற்காக முந்திய காலத்தில் வெட்டியது. அதைச் சுற்றி நெருக்கமாகச் சின்ன வீடுகள். நாங்கள் போனபோது குட்டையில் முக்கால்வாசி கறுப்புச் சேறு மேடாகிக் கிடந்தது. காய வைத்த காணியில் மிஞ்சியிருந்த சேற்றை ஒரு டிப்பர் பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. சந்து வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிப்பருக்குப் பக்கத்தில் ஒருவன் குடையைப் பிடித்துக்கொண்டு, "வா வா, இன்னும் வா" என்று சாரதிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

ரெஜி. என் மனைவியின் தம்பி.

அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் அவனைப் பார்த்தேன். என் கால் நின்றுவிட்டது. திரும்பிப் போய்விடலாம், சேரிடம் ஏதாவது சொல்லலாம், இவனை எனக்குத் தெரியாது என்கிற மாதிரி நின்றுவிடலாம். இத்தனையும் அந்த ஒரு மூச்சுக்குள் வந்து போனது. அதற்குள் அவன் திரும்பிவிட்டான்.

"அத்தான்!"

முகம் முழுக்கச் சிரிப்பு. குடையோடு ஓடி வந்தான். "நல்ல நேரம் வந்தீங்கள் அத்தான். இவர்தானே உங்கட பெரிய சேர்? இந்தச் சனம் விளங்காமல் கத்துது. நீங்களே ஒருக்கா சொல்லுங்கோ."

பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள். முன்னால் நின்ற ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இவர்தானா அந்த அத்தான்?" என்று கேட்டாள். பிறகு என்னிடம் வந்தாள். "கந்தோரில வாவி அளக்கிற அத்தான் ஈக்கிறார், அவர் செல்லித்தான் கொட்டுறோம், பர்மிஷன் எல்லாம் ஈக்கிது எண்டு இவர் செல்றார். மழைக்கு முந்தியிருந்தே செல்றார். நாங்களும் நம்பிட்டு ஈந்தோம். செல்லுங்க சேர். நீங்க செல்லித்தானா?"

அவள் பெயர் ஹலீமா. வீட்டில் கலியாண உடுப்புத் தைக்கிறவள். சந்தில் எல்லாரும் அவளைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பேச்சில் அக்கா என்று அர்த்தம்; ஈக்கிறார் என்றால் இருக்கிறார், செல்லி என்றால் சொல்லி. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். மாதக்கணக்காக அந்தக் குட்டைக்குள் விழுந்த சேற்றுக்கு அனுமதிச் சீட்டாக இருந்தது நான்.

சேருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கொழும்பில் வேலை செய்த எவருக்கும் அத்தான் என்ற சொல் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மே கவுத, பிலிப்?" யார் இது?

"மகே மஸ்ஸினா, சேர்." என் மச்சான்.

சேர் ரெஜியைப் பார்த்து, மெதுவாக, ஒரு பிள்ளையிடம் கேட்கிற மாதிரி, யார் இங்கே கொட்டச் சொன்னது என்று கேட்டார். ரெஜி தயக்கமில்லாமல் சொன்னான். தூர இடத்துக்குப் போய்வரப் பாதை நெருக்கடி, ஒரு நாளைக்கு ஒரு நடைதான் போகலாம். இது சும்மா கொசு முட்டையிடுகிற நுளம்புக் குழி. நிரப்பிவிட்டால் பிள்ளைகள் விளையாட ஒரு திடல் கிடைக்கும். மேலே இருக்கிற கொந்தராத்துக்காரரும் ஓம் என்றார். தன் மச்சான் அந்தக் கந்தோரில்தானே, பிரச்சினை வராது என்று நினைத்தானாம்.

பொய் சொல்லுகிறவனின் முகம் எனக்குத் தெரியும். அவன் முகம் அப்படி இல்லை. பாதிக்கு மேல் நம்பித்தான் சொன்னான்.

ஹலீமாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "நான் சொல்லேல்ல அம்மா. எனக்கு இது தெரியாது" என்றேன். என் காதுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. ஹலீமா என்னையும் ரெஜியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓம், ஓம்" என்றாள். பிறகு மற்றப் பெண்களிடம் திரும்பி, "தெரியாதாம்" என்றாள். யாரோ ஒருத்தி சிரித்தாள்.

கந்தோர் ஜீப்பை அங்கே வரச் சொல்லி ஏறினோம். மாநகரசபை மைதானத்தைத் தாண்டும்போது சேர், "பிலிப், அறிக்கையை வேறு ஆளைக் கொண்டு எழுதுவிக்கட்டுமா?" என்று கேட்டார். அது அவருடைய தயவு. ஆனால் புள்ளி போட்ட சேற்றை எடுத்தது நான், வழி பிடித்தது நான். வேறு ஆள் எழுதினால் அது ஊகமாகப் போகும், குட்டை அப்படியே கிடக்கும்.

"இல்லை சேர், நான் எழுதுறேன்."

 அவர் ஹரி என்றுகூடச் சொல்லவில்லை.

ரெஜி எனக்கு வெறும் மச்சான் இல்லை. தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது கொட்டாஞ்சேனையில் எங்கள் தெரு எரிந்த நாளில், தன் சிங்களக் கூட்டாளியின் வானைக் கொண்டுவந்து, ஸ்டெல்லாவையும் என்னையும் சாக்குகளுக்குக் கீழே படுக்க வைத்துக் கொண்டுபோனவன் அவன். அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் முதல் டிப்பர் வாங்கியபோது பாதிரியாரைக் கூட்டி வந்து ஆசீர்வதிப்பித்தோம். கோவில் திருவிழாவில் சுரூபம் தூக்குகிறவர்களில் அவன் முன்வரிசை.

வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அவன் செய்தது பிழை" என்றாள். "நான் இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா நீங்கள் சேரைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு முதல் தனியப் போய்ப் பாத்திருக்கலாம்."

"ஆர் எண்டு தெரியாமத்தானே போனனான்."

"தெரிஞ்சிருந்தால்?"

 அவள் மறுபடி சுளகை எடுத்தாள். அன்றைக்குச் சோறு கல்லும் மண்ணுமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டோம்.

அறிக்கை எழுதினேன். கொட்டுவதை நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார்கள். ஆனால் குட்டையிலிருந்து சேற்றை எடுக்க யார் பொறுப்பு என்று கந்தோரும் மாநகரசபையும் கம்பனியும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை தொடங்கிவிட்டது. தண்ணீர் தங்கிப் போக இடமில்லை. ஒரு பகல் பெய்த மழைக்கு, கறுப்புத் தண்ணீர் அந்தச் சந்து வீடுகளுக்குள் இடுப்பளவு ஏறியது. நான் போய்ப் பார்த்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஹலீமா வீட்டு வாசலில் மூன்று தையல் மெஷின்களும் கவிழ்ந்து கிடந்தன. கொடியில் ஒரு கலியாண உடுப்பு. வெள்ளைச் சட்டின், கழுத்தைச் சுற்றி மணி கோத்தது. கீழே பாதி தார் தோய்த்த மாதிரி. அவள் அதைப் பலமுறை அலசியிருக்கிறாள் என்று தெரிந்தது. நாற்றம் போகவில்லை.

"இந்த மாசம் நிக்காஹ்" என்றாள். "புள்ளைட உம்மா வந்து பாத்துட்டு அழுதுட்டுப் போறா. நான் என்னத்தச் செல்ல?"

நான் நின்றுகொண்டிருந்தேன்.  அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கந்தோரில் கதை பரவியது. மச்சான் மண்ணைக் கொட்ட, அத்தான் மண்ணை அளக்க என்று தேத்தண்ணி மேசையில் பாட்டு மாதிரிச் சொன்னார்கள். எனக்கும் பங்கு இருந்தது, பங்கு சரியாக வராமல் பிழைத்தபடியால் காட்டிக்கொடுத்தேன் என்றும் சொன்னார்கள். கோவிலில் அது வேறு மாதிரி. உயிரைக் காப்பாற்றியவனைக் கூண்டில் ஏற்றியவன் நான். ஞாயிறு பூசையில் எங்களோடு ஒரே வாங்கில், அந்த நீளப் பலகையில், வழக்கமாக இருக்கிற குடும்பம் முன்னால் தள்ளிப் போய் உட்கார்ந்தது.  கந்தோரில் நான் ரெஜியின் ஆள், கோவிலில் நான் கந்தோரின் ஆள்.

வழக்கு புதுக்கடை நீதிமன்றத்தில் நடந்தது. நான் அரச தரப்புச் சாட்சி. அன்று மத்தியானம் வரைக்கும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நீதிமன்றத்துக்கு முன்னால் இருக்கிற சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். கறுப்புக் கோட்டுகளும் லிகிதர்களுமாக நெருக்கம். ஒரே ஒரு கதிரைதான் காலி. அதற்குப் பக்கத்தில் ரெஜி.

திரும்பிப் போகப் பார்த்தேன்.

"இருங்கோ அத்தான்" என்றான்.

இருந்தேன். பெடியன் சோறு கொண்டுவந்து வைத்தான். ரெஜி தன் பக்கத்திலிருந்த பருப்புக் கோப்பையை என் பக்கம் தள்ளினான். இரண்டு பேரும் குனிந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடியும்போது, "உங்களை என்னென்ன கேப்பாங்கள்?" என்று கேட்டான்.

"சேறு எங்க எடுத்தனான், எப்பிடி வந்தனான், அங்க ஆரைக் கண்டனான்."

"ஆரைக் கண்டனீங்கள் எண்டு சொல்லேக்க என்னைக் காட்டச் சொல்லுவாங்கள், என்ன?"

"ஓம்."

கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "அக்கா பின்னுக்கு வாங்கில இருக்கிறா. அவ பாத்துக்கொண்டிருக்க நீங்கள் எனக்கு விரல் நீட்ட வேண்டாம்" என்றான். "நான் ஒத்துக்கொள்ளுறன்."

பின்னேரம் பெயர் கூப்பிட்டவுடனே எழுந்து குற்றத்தை ஒத்துக்கொண்டான். அவனுடைய சட்டத்தரணி திகைத்துப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார். அவன் கேட்கவில்லை. நீதவான் தண்டம் விதித்தார், டிப்பர் அனுமதியை ரத்துச் செய்தார். மேலே இருந்த கொந்தராத்துக்காரர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி அதே நாளில் கழன்றுகொண்டார். அவர் ஓம் என்ற கதையையும் சேர்த்து எல்லாவற்றையும் அவிழ்த்திருக்கக்கூடிய என் சாட்சியத்துக்குத் தேவை இல்லாமல் போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த நிம்மதிக்கு விலை கொடுத்தது ரெஜி. தப்பிப் போனது கொந்தராத்துக்காரர். ஹலீமாவின் வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பற்றி அந்த மண்டபத்தில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை.

ரெஜி டிப்பர்களை விற்றுவிட்டு இத்தாலியில் இருக்கிற மகளிடம் போனான். அங்கே ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஞாயிறுகளில் ஸ்டெல்லாவுக்குத் தொலைபேசி எடுப்பான். "அத்தான் சுகமா?" என்று கேட்பது எனக்குக் கேட்கும். ஸ்டெல்லா என்னைப் பார்ப்பாள். சுகம் என்று சொல்லச் சொல்லித் தலையாட்டுவேன்.

கடைசியில் குட்டையைத் தூர்வாரும் பொறுப்பு எங்கள் கந்தோருக்கே வந்தது. சேர் என்னைக் கூப்பிட்டு, நீ போ என்றார். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். "நீ போகாவிட்டால், மறைக்க ஏதோ இருந்தது என்பார்கள்" என்றார். பிறகு, அவர் வழக்கத்துக்கு மாறாக, என் தோளில் கையை வைத்து, "நான் அன்றைக்கு உன் பின்னால்தானே வந்தேன். எனக்குத் தெரியும்" என்றார். அவர் நம்பினார். அதை வைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் என்ன செய்ய முடியும்?

போனேன். மண் தோண்டுகிற பெக்கோ மெஷினைக் கரையில் நிறுத்தி, வீட்டுச் சுவர்கள் சரியாமல் ஓரத்தில் சரிவு விட்டு, நடுவிலிருந்து அள்ள வேண்டியிருந்தது. சந்துக்கு என் பெயர் தேவைப்படவில்லை. அத்தான் வந்திட்டார் என்பார்கள். அத்தானிடம் கேளுங்க என்பார்கள். சின்னப் பிள்ளைகளும் அத்தான் என்றே கூப்பிட்டன. அவற்றுக்கு அது என் பெயர் என்றே நினைப்பு. நான் திரும்பிப் பார்ப்பேன். வேறு என்ன செய்வது. வெளியே போகிற ஒவ்வொரு டிப்பருக்குப் பின்னாலும் என் மோட்டார் சைக்கிளில் தூர இடம் வரைக்கும் போய், கொட்டுவதைப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதைப் பார்த்து யாரும் எதுவும் சொன்னதுமில்லை.

வேலை முடிந்த நாளில் கடைசி அளவு. ஆழம் சரி என்று அளந்து ஒப்பமிட்டால்தான் மெஷினை எடுக்கலாம். சனத்தின் சார்பில் ஒருவர் பார்த்து நிற்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஹலீமா வந்தாள். நான் தகரப் படகில் ஏறி, முதலாவது இடத்தில் கோலை இறக்கி, எண்ணை வாசிக்க வாயைத் திறந்தேன்.

"நீங்க வாசிக்க வேணாம்" என்றாள் கரையிலிருந்து.

படகைக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். படகு ஆடியது. கையை நீட்டினேன். பிடிக்கவில்லை, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எப்பிடிப் பாக்கிற எண்டு மட்டும் செல்லித் தாங்க."

சொல்லிக் கொடுத்தேன். தட்டைப் பூட்டி இறக்க வேண்டும், கோல் நிமிர்ந்து நிற்க வேண்டும், தண்ணீர் தொடுகிற இடத்தில் நிறம் எங்கே மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அவள் ஊசியில் நூல் கோக்கிறவளின் கண்ணோடு குனிந்து பார்த்தாள். எண்ணைச் சொன்னாள். நான் எழுதினேன். அடுத்த இடம். சொன்னாள். எழுதினேன். கரையில் பெக்கோ சாரதியும் புதுக் கொந்தராத்துக்காரரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவள் வீட்டுக்கு நேர் முன்னால் வந்தபோது கோலை இறக்கிப் பார்த்து, என் கையிலிருந்த திட்டப் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"கொறையுது" என்றாள்.

கொந்தராத்துக்காரர் அதெல்லாம் விட்டுக்கொடுக்கிற அளவுதான், அவ்வளவு வித்தியாசம் எல்லா வேலையிலும் இருக்கும் என்று கத்தினார். அது உண்மைதான். நான் தனியாக வந்திருந்தால் அதை விட்டிருப்பேன், சேரும் விட்டிருப்பார். கொந்தராத்துக்காரர் என்னைப் பார்த்தார். ஹலீமா என்னைப் பார்க்கவில்லை. கோலைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டுங்கோ" என்றேன்.

அவர் வாய்க்குள் ஏதோ சொன்னார். அத்தான் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. மெஷினை மறுபடி கிளப்பினார்கள். வாளி தண்ணீருக்குள் போய், கறுப்புச் சேற்றோடு மேலே வந்தது, மறுபடி போனது. நாங்கள் இரண்டு பேரும் படகில் ஒரு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு காத்திருந்தோம். வெயில் ஏறியது.  கலங்கல் அடங்கிய பிறகு அவள் கோலை வாங்கி, தானே இறக்கி, நிமிர்த்திப் பிடித்து, கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இப்ப சரி" என்றாள்.

எண்ணைச் சொன்னாள். நான் எழுதினேன். மற்ற எல்லா இடத்துக்கும் கோலை அவளே இறக்கினாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே வந்தேன்.